பனியுகக் கடலை மடிக்கணினியில் ஓட்டிப் பார்ப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் மண் ஆய்வு வேலை பார்த்தவர்களுக்குக் கடல் களிமண்ணைத் தெரியாமல் இருக்காது. காலாங் படுகையிலோ மரினா பக்கமோ துளைக்கருவியை இறக்கினால், முதலில் சாம்பல் நிறத்தில் பற்பசை மாதிரிப் பிதுங்கும் மென்களிமண் வரும். அதற்குக் கீழே மஞ்சளும் செம்மையும் கலந்து இறுகிய ஓர் அடுக்கு. அதையும் தாண்டினால் மறுபடி மென்களிமண். அந்த நடு அடுக்கு ஏன் கெட்டியாக இருக்கிறது என்று நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "அது ஒரு காலத்தில் வெயிலில் காய்ந்த தரை, தம்பி" என்றார். அந்த ஒரு வரியில் தொடங்கியதுதான் எனக்கு இந்தப் பைத்தியம்.

சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் மலாய் தீபகற்பத்தோடு ஒட்டிய ஒரே நிலம். இன்று 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்று, அன்றைய கடல்மட்டத்திலிருந்து பார்த்தால் 280 மீட்டருக்கு மேல். அடுத்த பத்தாயிரம் ஆண்டுகளில் பனி உருகியது, கடல் ஏறியது, காற்றில் கரியமில வாயு சுமார் 190 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 190 பங்கு) 265 பிபிஎம்முக்குக் கூடியது. அந்த வாயுவில் பெரும்பகுதி ஆழ்கடலிலிருந்து வந்தது. எப்படி வெளியே வந்தது என்பதை வீட்டுக் கணினியிலேயே ஓரளவு ஓட்டிப் பார்க்கலாம்.

தொடக்கக்கல்லூரி மாணவர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், வார இறுதியில் ஏதாவது புதிதாகக் கற்க நினைப்பவர், மூவருக்கும் இந்தக் கட்டுரை ஒத்துவரும். பைத்தானில் ஒரு சுழற்கட்டளை எழுதவும் ஒரு வரைபடம் போடவும் தெரிந்தால் போதும். சூப்பர்கம்ப்யூட்டர் இப்போது வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே பெரிய மாதிரியை, அதாவது கடலைக் கணக்குகளாக்கி ஓட்டும் நிரலை, தரவிறக்கம் செய்து, அது நிறுவப்படாமல் மண்டை காய்ந்து விட்டுவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் கதையை மனத்தில் பதியுங்கள்

மாதிரி எழுதும் முன் மூன்று காலகட்டங்களை நினைவில் வையுங்கள். சுமார் 18,000 முதல் 14,700 ஆண்டுகளுக்கு முன்வரை ஹைன்ரிக் ஸ்டேடியல் 1. அப்போது வட அட்லாண்டிக்கில் பனிப்பாறைகளும் உருகுநீரும் கொட்டின, வடக்கு உறைந்து கிடந்தது. அடுத்து 12,900 வரை போலிங்-அலெரோட். வடக்கு சட்டென்று வெப்பமடைந்த காலம் அது. பிறகு 11,700 வரை யங்கர் டிரையாஸ், மறுபடி வடக்கே குளிர்.

அட்லாண்டிக்கில் வெப்பநீர் மேலே வடக்கு நோக்கிப் போய், குளிர்ந்து, கனத்து, மூழ்கி, ஆழத்தில் தெற்கே திரும்பும் பெருஞ்சுழற்சியை ஆய்வாளர்கள் அமோக் என்பார்கள். பெர்முடா அருகே எடுத்த கடலடிச் சேற்றில் புரோட்டாக்டினியம், தோரியம் ஆகிய தனிமங்களின் விகிதத்தை அளந்து 2004-இல் வெளியான ஆய்வு, ஹைன்ரிக் காலத்தில் இந்தச் சுழற்சி கிட்டத்தட்ட நின்றே போனது என்று காட்டியது. அந்தக் காலக் காற்று சிக்கிய அண்டார்டிகப் பனிக்கட்டிக் குமிழிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹைன்ரிக் காலத்தில் கரியமில வாயு ஏறுகிறது. போலிங்-அலெரோடில் ஏற்றம் அடங்குகிறது. யங்கர் டிரையாஸில் மறுபடி ஏறுகிறது. வடக்கே சுழற்சி தளர்ந்த போதெல்லாம் காற்றில் வாயு கூடியிருக்கிறது.

நாம் கட்டப்போகும் மாதிரி இந்த ஒரு பொருத்தத்தைக் காட்டினால் போதும். எண்களை எல்லாம் அச்சு அசலாகப் பிடிக்க முயல வேண்டாம்.

முதல் படி: இரண்டு பெட்டிக் கடல்

ஹென்றி ஸ்டோமெல் 1961-இல் எழுதிய மாதிரி இது. கடலை இரண்டு பெட்டிகளாக்குங்கள்: ஒன்று வெப்பமண்டலம், மற்றது வடக்கு. இரண்டுக்கும் இடையே நீர் ஓடும் வேகத்தை அடர்த்தி வேறுபாடு தீர்மானிக்கிறது. வடக்கின் குளிர் நீரைக் கனமாக்கி ஓட்டத்தைக் கூட்டும். வடக்கில் விழும் நன்னீர் உப்பைக் குறைத்து, நீரை இலேசாக்கி, ஓட்டத்தை மட்டுப்படுத்தும். அவ்வளவுதான் இயற்பியல்.

வசதிக்காக எண்களை இப்படி அமைத்துக்கொண்டேன். ஓட்டத்தின் அலகு ஸ்வெர்ட்ரப், அதாவது நொடிக்கு 10 லட்சம் கன மீட்டர். இன்றைய அமோக் சுமார் 17 ஸ்வெர்ட்ரப்.

ஓட்டம் = 24 − 4.8 × உப்பு வேறுபாடு

24 என்பது உப்பு வேறுபாடே இல்லாமல், 20 பாகை வெப்ப வேறுபாடு மட்டும் இருந்தால் வரும் ஓட்டம். உப்பு வேறுபாடு ஆண்டுதோறும் மாறும் கணக்கு இது:

மாற்றம் = 2 × (நன்னீர் × 35 − ஓட்டத்தின் அளவு × உப்பு வேறுபாடு) × 31,560 ÷ 10 கோடி

35 என்பது கடலின் சராசரி உப்பு. 10 கோடி என்பது ஒவ்வொரு பெட்டியின் கொள்ளளவு, கன கிலோமீட்டரில். ஓட்டத்தின் அளவு என்ற இடத்தில் திசையைப் பார்க்காமல் நேர்ம எண்ணாகவே எடுங்கள், எந்தப் பக்கம் ஓடினாலும் அது உப்பைக் கலக்கத்தான் செய்யும்.

31,560 எங்கிருந்து வந்தது? ஒரு ஸ்வெர்ட்ரப் ஓர் ஆண்டு முழுக்க ஓடினால் 31,560 கன கிலோமீட்டர். இந்த எண்ணில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுவார்கள். நானும் விழுந்தேன். நொடியையும் ஆண்டையும் குழப்பி, ஓர் இரவு முழுக்கக் கணினியை ஓடவிட்டுக் காலையில் எழுந்து பார்த்தால், 'ஆயிரம் ஆண்டுகள்' என்று நான் நினைத்தது உண்மையில் பதினேழு நிமிடக் கடல்.

நன்னீரை 0.643 ஸ்வெர்ட்ரப் என்று வைத்து ஓட்டுங்கள். உப்பு வேறுபாடு 1.25-இலும் ஓட்டம் 18-இலும் நிலைக்க வேண்டும். வரவில்லையா, நிரலில் பிழை. மேலே போகாதீர்கள்.

இனி உருகுநீரைக் கூட்டிப் பாருங்கள். 0.1 சேர்த்தால் ஓட்டம் 16.4-க்கு இறங்கும். 0.2 சேர்த்தால் 13.5 பக்கம் வரும். 0.22 சேர்த்துவிட்டு ஆயிரம் ஆண்டு ஓட்டினால் 13-இல் வந்து நிற்பதுபோல் தோன்றும். பலர் இங்கேயே நிறுத்தி, 'தாங்கிக்கொண்டது' என்று எழுதிவிடுவார்கள். இன்னும் ஓடவிடுங்கள். மூவாயிரமாவது ஆண்டில் 11.5. நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டிய பிறகு மளமளவென்று சரிந்து, ஓட்டம் திசைமாறி, எதிர்ப்பக்கமாக 5 ஸ்வெர்ட்ரப்பில் போய் நிற்கும். வரம்புக்கு மிக அருகில் சரிவு ஆமை வேகத்தில்தான் வரும். அதுவே 0.3 சேர்த்தால் ஆயிரம் ஆண்டுக்குள் காரியம் முடிந்துவிடும். ஹைன்ரிக் காலமே மொத்தம் சுமார் 3,300 ஆண்டுகள்தான் என்பதை நினைவில் வைத்தால், எந்த வேகத்தில் நீர் கொட்டியிருக்க வேண்டும் என்று நீங்களே யோசிக்கத் தொடங்குவீர்கள்.

சரிந்த பிறகு, கூடுதல் நீரை முழுக்க நிறுத்துங்கள். பழைய 0.643-க்கே வந்தாலும் ஓட்டம் 18-க்குத் திரும்பாது, எதிர்த்திசையில் 3.9-இலேயே கிடக்கும். போன வழியில் திரும்பி வர முடியாத இந்தக் குணத்துக்கு ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர். உண்மைக் கடலில் அமோக் மீண்டது என்பது நமக்குத் தெரியும். ஆகவே நம் இரண்டு பெட்டி எதையோ விட்டுவிட்டது. காற்றால் இயங்கும் ஓட்டம் அதில் ஒன்று. அதை 2 அல்லது 3 ஸ்வெர்ட்ரப் என ஒரு நிலையான கலப்பாகச் சேர்த்து, மீட்பு எங்கே நிகழ்கிறது என்று தேடுவது நல்ல பயிற்சி.

உருகுநீரை எவ்வளவு வைப்பது?

இதற்கு நம் ஊர்ப்பக்கத்துச் சான்றே இருக்கிறது. சுண்டா திட்டில், அதாவது பனியுகத்தில் தரையாக இருந்து இன்று நம்மைச் சுற்றி மூழ்கிக் கிடக்கும் கடலடியில், எடுத்த படிவங்களை வைத்து 2000-இல் வெளியான ஆய்வு, சுமார் 14,600-க்கும் 14,300-க்கும் இடைப்பட்ட 300 ஆண்டில் கடல் 16 மீட்டர் ஏறியது என்று கணித்தது. கடலின் பரப்பு 36.1 கோடி சதுர கிலோமீட்டர். ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு 3.61 லட்சம் கன கிலோமீட்டர் நீர் தேவை. 16-ஆல் பெருக்கி, 300-ஆல் வகுத்து, 31,560-ஆல் வகுத்தால் 0.6 ஸ்வெர்ட்ரப்.

இந்த 0.6-ஐ அப்படியே நம் வடக்குப் பெட்டியில் ஊற்றினால் சுழற்சி படுத்துவிடும். ஆனால் அந்த முந்நூறு ஆண்டும் போலிங் வெப்பக் காலத்தில் அடங்கியவை, அமோக் வலுவாக ஓடிக்கொண்டிருந்த நேரம்! இந்த முரண் பெரிய மாதிரிகளையும் விடவில்லை. 2009-இல் வெளிவந்த ட்ரேஸ் 21 என்ற புகழ்பெற்ற உருவகப்படுத்தலில் போலிங் வெப்பத்தைக் கொண்டுவர வட அட்லாண்டிக் உருகுநீரை அந்தக் கட்டத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. மொத்த நீர் எவ்வளவு என்பதோடு அது எந்தக் கடலில், எந்தக் கரையில் இறங்கியது என்பதும் கணக்கில் வர வேண்டும். அண்டார்டிகாவில் இறங்கும் நீருக்கும் வட அட்லாண்டிக்கில் இறங்கும் நீருக்கும் கடல்மட்டக் கணக்கில் பேதமில்லை, அமோக் கணக்கில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இரண்டாம் படி: கரிமப் பெட்டிகள்

1980-களில் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே மாதிரியைக் கண்டுபிடித்தன: வெப்பமண்டல மேல்நீர், துருவ மேல்நீர், ஆழ்கடல், இவற்றின் மேல் ஒரு காற்றுமண்டலம். இதையே எழுதுவோம். வெப்பமண்டலப் பெட்டி பரப்பில் 85 விழுக்காடு, ஆழம் 100 மீட்டர். துருவப் பெட்டி 15 விழுக்காடு, 250 மீட்டர். மீதியெல்லாம் ஆழ்கடல், கடலின் மொத்தக் கொள்ளளவு 133 கோடி கன கிலோமீட்டர். பெருஞ்சுழற்சிக்கு 20 ஸ்வெர்ட்ரப், துருவத்துக்கும் ஆழத்துக்கும் இடையே மேல்கீழாகக் கலக்கும் நீருக்கு 60 ஸ்வெர்ட்ரப் என்று தொடங்குங்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று பொருள்களைக் கணக்கில் வையுங்கள்: பாஸ்பேட் (பாசிகளின் சத்து), கரைந்த கனிமக் கரிமம், காரத்தன்மை (அமிலத்தைச் சமன்செய்யும் திறன்). கடலின் சராசரி பாஸ்பேட் சுமார் 2.1 மைக்ரோமோல், கரிமம் சுமார் 2,250, காரத்தன்மை சுமார் 2,370, மூன்றும் ஒரு கிலோ நீருக்கு. வெப்பமண்டலப் பெட்டிக்கு வந்து சேரும் பாஸ்பேட் முழுவதையும் பாசிகள் தின்றுவிடுவதாக வைக்கலாம். ஒரு பாஸ்பேட்டுக்கு 106 கரிமம் என்ற ரெட்ஃபீல்டு விகிதத்தில் அவை செத்து ஆழத்துக்கு மூழ்கி அங்கே கரையும். துருவத்தில் இருளும் இரும்புப் பற்றாக்குறையும் இருப்பதால் பாசிகள் எல்லாவற்றையும் தின்பதில்லை. தின்னாத சத்து அப்படியே மறுபடி மூழ்கும். அதனோடு மேலே வந்த கரிமம் மட்டும் காற்றுக்குத் தப்பிவிடும். துருவக் கலப்பு கூடினால் காற்றில் வாயு கூடுவதும், குறைந்தால் ஆழத்தில் தங்குவதும் இதனால்தான். கடைக்காரர் தே தாரிக் (தூக்கி ஊற்றும் பால் தேநீர்) ஆற்றுவதைப் பாருங்கள். எத்தனை முறை தூக்கி ஊற்றுகிறாரோ அத்தனை ஆவி. பனியுகத்தில் தென்துருவக் கடல் ஊற்றாமல் மூடிவைத்த டம்ளராக இருந்தது.

வேதியியல் பகுதியைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். நீரில் உள்ள வாயுவின் அழுத்தத்தைத் துல்லியமாகக் கணிக்கப் பைகோ2சிஸ் என்ற இலவச நிரல்தொகுப்பு இருக்கிறது. அதற்கு முன் கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். தோராயமாக, அழுத்தம் (2 × கரிமம் − காரத்தன்மை)-இன் வர்க்கத்தை (காரத்தன்மை − கரிமம்)-ஆல் வகுத்ததற்கு நேர் விகிதம். கரிமம் 2,000, காரத்தன்மை 2,300 என்றால் 9,633 வரும். கரிமத்தை 1 விழுக்காடு கூட்டி 2,020 ஆக்கினால் 10,813. வெறும் 1 விழுக்காட்டுக்கு அழுத்தம் 12 விழுக்காடு எகிறுகிறது. உண்மைக் கடலில் இது சுமார் 10. கடல் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கும் பாத்திரம் என்பது இந்த இரண்டு வரிக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இனி மிக முக்கியமான சோதனை. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் காற்றும் கடலும் சேர்ந்த மொத்தக் கரிமத்தைக் கூட்டி எழுதுங்கள். அது மாறவே கூடாது. கடலில் இருப்பது சுமார் 38,000 பில்லியன் டன். காற்றின் ஒரு பிபிஎம் 2.12 பில்லியன் டன். நிரலில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒழுகினாலும் 38 பில்லியன் டன். அது முழுக்கக் காற்றில் போய்ச் சேர்ந்தால் 18 பிபிஎம். நாம் தேடும் மொத்த மாற்றமே 75 முதல் 80 பிபிஎம்தான் எனும்போது, இந்த ஒழுக்கு கண்ணுக்குத் தெரியாமல் கதையையே மாற்றிவிடும்.

மூன்றாம் படி: பனியுகத்துக்குக் கொண்டுபோய் விடுவது

மாதிரியை முதலில் இன்றைய நிலையில் 10,000 ஆண்டு ஓட்டி அடங்கவிடுங்கள். இதை ஸ்பின்அப் என்பார்கள். அடங்கிய நிலையைக் கோப்பில் சேமியுங்கள், ஒவ்வொரு சோதனையும் அங்கிருந்தே தொடங்கட்டும்.

அடுத்து, பனியுகக் கடல் சுருங்கிய கடல் என்பதை மறக்கக் கூடாது. சராசரி ஆழம் சுமார் 3,700 மீட்டர், போனது 120. உப்பு, பாஸ்பேட், காரத்தன்மை, கரிமம் எல்லாம் 3 விழுக்காட்டுக்குச் சற்று மேல் செறிவடைய வேண்டும். உப்பு கிட்டத்தட்ட 1 அலகு கூடும். மேல்நீரைக் குளிரவையுங்கள், குளிர்நீர் அதிக வாயுவைக் கரைக்கும். 2000-ஆம் ஆண்டின் ஒரு மீள்பார்வைக் கட்டுரைக் கணிப்பில் குளிர் 30 பிபிஎம் குறைக்கிறது, உப்பு 6.5 கூட்டுகிறது, காடுகள் சுருங்கியது 15 கூட்டுகிறது. நிகரமாக 10 பிபிஎம்கூடத் தேறாது. மிச்சத்தை எல்லாம் தென்துருவக் கலப்பும் உயிரினங்களும் கடலடிச் சுண்ணாம்பும்தான் தர வேண்டும்.

அதனால் 60 ஸ்வெர்ட்ரப் கலப்பை 20-க்குக் குறைத்து, மறுபடி அடங்கவிடுங்கள். வாயு நன்றாக இறங்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: மூன்று பெட்டி மாதிரி துருவத்துக்கு அளவுக்கு மீறி ஆடும். முப்பரிமாண மாதிரிகள் இதே மாற்றத்துக்கு இவ்வளவு அசையாது. திசையை நம்புங்கள், அளவை நம்பாதீர்கள்.

நான்காம் படி: உருகவிடுவது

இரண்டு மாதிரிகளையும் இப்போது இணைக்கலாம். முதல் மாதிரியின் ஓட்டம் இரண்டாவதின் பெருஞ்சுழற்சியாகப் போகட்டும், சரிந்தால் பூச்சியம் என்று வையுங்கள். வடக்கு நின்றால் வெப்பம் தெற்கில் தேங்கும், அண்டார்டிகாவைச் சுற்றிய கடற்பனி பின்வாங்கும், காற்றுகள் தெற்கே நகரும், ஆழ்நீர் மேலெழும். தென்கடல் படிவங்களில் அந்தக் காலத்தில் சிலிக்காப் பாசி ஓடுகள் திடீரெனக் கூடியிருப்பது இதற்குச் சான்று. மாதிரியில் இதைச் செய்ய, அமோக் குறையும்போது துருவக் கலப்பைச் சில நூறு ஆண்டுத் தாமதத்தோடு 20-இலிருந்து மேலே ஏற்றும் ஒரு விதியை எழுதுங்கள். இந்த விதி நாம் கையால் திணிப்பது. அறிக்கையில் அதை ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

வரும் கோட்டைப் பனிக்கட்டித் தரவோடு ஒப்பிடும்போது ஆண்டுக் கணக்கைக் கவனியுங்கள். சில தரவுகள் 1950-இலிருந்து பின்னோக்கி எண்ணும், சில 2000-இலிருந்து. மேலும் பனிக்கட்டியின் வயதும் அதற்குள் சிக்கிய காற்றின் வயதும் ஒன்றல்ல. பனித்தூள் இறுகிக் குமிழி மூடும்வரை காற்று உள்ளே வந்துபோவதால் காற்று இளையது. அண்டார்டிகாவில் பனிக்கட்டி துளைத்தெடுத்த இடங்களில் ஒன்றான டோம் சி-யில் பனியுகத்தின்போது அந்த இடைவெளி சில ஆயிரம் ஆண்டுகள், மேற்கு அண்டார்டிகாவின் வெய்ஸ் டிவைடில் ஐந்நூறு ஆண்டுக்குச் சற்று மேல். கோப்பில் இரண்டு வயது நெடுவரிசை இருந்தால் வாயுவுக்கு உரியதை எடுங்கள். 2014-இல் வெளியான வெய்ஸ் டிவைட் தரவில் சுமார் 16,300, 14,800, 11,700 ஆண்டுகளுக்கு முன் மூன்று திடீர்ப் படிகள் தெரியும், ஓரிரு நூற்றாண்டில் 10 பிபிஎம்முக்கு மேல். நம் பெட்டிகள் அவற்றைக் காட்டாது. காட்டினால் நிரலைச் சந்தேகியுங்கள்.

அடுத்த மாதிரிக்கு எப்போது போவது?

மேலே சொன்ன நான்கையும் ஒரு மாதம் தோண்டிய பிறகு சிஜீனி என்ற மாதிரிக்குப் போகலாம். 36-க்கு 36 கட்டம், 8 அல்லது 16 ஆழ அடுக்கு, முழுக் கரிமச் சுழற்சியும் உள்ளது, சாதாரணக் கணினியிலேயே ஓடும். இலவசம். ஃபோர்ட்ரான் தொகுப்பியும் நெட்சிடிஎஃப் நூலகமும் வேண்டும். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதற்குள் லினக்ஸ் சூழலை நிறுவிக்கொள்வது தலைவலியைக் குறைக்கும். அஸ்பயர் 2ஏ போன்ற தேசியக் கணினிகளை நாட வேண்டிய தேவை, ட்ரேஸ் அளவு மாதிரியைத் தொடும்போதுதான் வரும். அதற்கு எப்படியும் ஒரு பல்கலைக்கழக வழிகாட்டி தேவைப்படும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உள்ள எர்த் அப்சர்வேட்டரியில் பழைய கடல்மட்டத்தை ஆராய்பவர்கள் இருக்கிறார்கள். கையில் ஓடுகிற ஒரு பெட்டி மாதிரியோடு மின்னஞ்சல் எழுதினால், வெறும் ஆர்வத்தோடு எழுதுவதைவிடப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

சிஜீனியில் முதல் சோதனையாக, இன்றைய கடலில் 0.1 ஸ்வெர்ட்ரப் நன்னீரை வட அட்லாண்டிக்கில் 50-க்கும் 70-க்கும் இடைப்பட்ட அகலாங்கில் ஆயிரம் ஆண்டு ஊற்றுங்கள். அடுத்த ஓட்டத்தில் அதே அளவு நீரை அண்டார்டிகக் கரையோரம் ஊற்றுங்கள். இரண்டு கோப்புகளுக்கும் பெயர் வைக்கும்போது இடம், அளவு, தேதி மூன்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள். என்னிடம் 'புதியது', 'மிகப் புதியது', 'இதுதான் சரி' என்ற பெயர்களில் இன்னும் மூன்று கோப்புகள் இருக்கின்றன, எதில் நீர் எங்கே இறங்கியது என்று இன்றுவரை எனக்கே தெரியாது.